நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்: ரேஸ்கோர்ஸ் நடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோவை ரேஸ்கோர்ஸ் சாலையை விடியற்காலையில் சுற்றி வருகிற நம்மில் பாதிப் பேர் பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் நாலைந்து பேர், பைபாஸ் செய்துகொண்டவர்களும் உண்டு. இந்த மடல் முதலில் அவர்களுக்கு. அவர்களுடைய மாத்திரை டப்பாவை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பி வைக்கிற வீட்டுக்காரம்மாவுக்கும், மருந்துக் கடையில் போய் வாங்கிவருகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு நாற்பது வருடமாகக் கொடுத்துவந்த பீட்டா பிளாக்கர் என்ற மருந்தால் பயனில்லை என்று ஐரோப்பாவில் நிரூபித்துவிட்டார்களாம். கம்பெனிகள் நம்மை ஏமாற்றிவிட்டனவாம். அதைப் படித்துவிட்டு நம் நண்பர் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ‘நாலு நாளாச்சுங்க, ஒண்ணும் ஆகலை, உடம்பு லேசா இருக்குது’ என்று என்னிடமே சொன்னார். அன்று மாலையே அவரை அவருடைய டாக்டரிடம் அனுப்பி வைத்தோம். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் அல்ல, யாருடைய மருந்தையும் மாற்றச் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் மாத்திரை அட்டை கைமாறும் இடத்தில் என்னென்ன தவறு நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செய்தியைப் பார்ப்போம். அது முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 2025 ஆகஸ்ட் இறுதியில் மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் ‘ரீபூட்’ என்ற ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மாரடைப்பு வந்து சிகிச்சை பெற்ற 8,500 பேர் வரை அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. நான்கு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து கவனித்ததில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்வீடனை மையமாக வைத்து நடந்த ‘ரெடியூஸ்’ ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது.

இவ்வளவும் உண்மை. குழுவில் வந்த செய்தி விட்டுவிட்டதைத்தான் நாம் படிக்க வேண்டும். அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் மாரடைப்புக்குப் பிறகும் இதயம் ஓரளவு நன்றாகச் சுருங்கி விரிந்தவர்கள். எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்களே, அது ரீபூட்டில் 40-க்கு மேல், ரெடியூஸில் 50-ம் அதற்கு மேலும். இதயம் பலவீனமானவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. மருந்தை வேறு காரணத்துக்காகக் கட்டாயம் எடுக்க வேண்டியவர்களையும் இத்தகைய ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. இன்னொரு சங்கதி: அதே மாட்ரிட் மாநாட்டில் நார்வே, டென்மார்க் நாடுகளின் ஆய்வு ஒன்றும் வெளியானது. கிட்டத்தட்ட 5,600 பேர். அதில் பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவர்களுக்கு மறு மாரடைப்பு உள்ளிட்ட சிக்கல்கள் குறைவாக இருந்தன: 14.2 சதவீதம், சாப்பிடாதவர்களுக்கு 16.3. பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இ.எஃப். 40-க்கும் 49-க்கும் நடுவில் இருந்தவர்களுக்கு மருந்து பலன் தந்ததும் தெரிந்தது. ஒரே மாநாடு, இரண்டு விதமான முடிவு. ஃபார்வர்டு செய்தவருக்கு ஒன்றுதான் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஆய்வு இன்னொன்று. ‘இப்போது மாரடைப்பு வந்தவருக்குப் புதிதாக இந்த மருந்தை ஆரம்பிக்கலாமா’ என்பது ஒரு கேள்வி. ‘வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர் நிறுத்தலாமா’ என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை பிரான்சில் ‘அபிஸ்’ என்ற ஆய்வில் கேட்டார்கள். 2024-இல் முடிவு வந்தது. மாரடைப்பு வந்து பெரும்பாலும் மூன்று வருடம் போல ஆகி, நிலையாக இருந்த சுமார் 3,700 பேர். நிறுத்தியவர்களில் 23.8 சதவீதம் பேருக்கு மரணமோ, மாரடைப்போ, பக்கவாதமோ, இதயத்துக்காக மருத்துவமனைச் சேர்க்கையோ நேர்ந்தது. தொடர்ந்தவர்களில் 21.1 சதவீதம். வித்தியாசம் பெரும்பாலும் மருத்துவமனைச் சேர்க்கையில் வந்ததுதான். ஆனால் நிறுத்தியவர்களுக்கு பிரஷரும் பல்ஸும் ஏறின. இது டாக்டர்கள் மேற்பார்வையில் நிறுத்தியவர்களின் கதை. வாட்ஸ்அப்பைப் பார்த்து நிறுத்துகிறவர்களுக்கு அந்த மேற்பார்வையும் கிடையாது.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் 1975-லேயே எழுதி வைத்துவிட்டது. ப்ரொப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரைச் சாப்பிட்டுவந்த நெஞ்சுவலிக்காரர்கள் சட்டென்று நிறுத்தியபோது சிலருக்கு வலி முன்னைவிட மோசமாகத் திரும்பியது, சிலருக்கு மாரடைப்பே வந்தது. காரணம் இதுதான். அட்ரினலின் போடும் சத்தத்தைக் கேட்பதற்கு இதயத்தின் செல்களில் காதுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் அந்தக் காதுகளில் பஞ்சை அடைக்கிறது. இதயம் நிதானமாக அடிக்கிறது, பிரஷர் இறங்குகிறது, இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் குறைகிறது. ஆனால் உடம்பு சும்மா இருக்காது. சரியாகக் கேட்கவில்லையே என்று புதிதாகச் சில காதுகளை முளைக்க வைக்கிறது. ஒரு நாள் பஞ்சைப் பிடுங்கிப் போட்டால் பழைய காதும் புதுக் காதும் சேர்ந்து அதே சத்தத்தைக் கேட்கும். பல்ஸ் எகிறும், பிரஷர் ஏறும், அடைப்பு உள்ள இதயம் திணறும். அமெரிக்காவில் இதே வகையைச் சேர்ந்த அட்டெனலால், மெட்டோப்ரோலால் மருந்துக் குறிப்புகளில் இந்த எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள்.

நம் நண்பருக்கு நாலு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம். மற்றவர்களுக்கு அது உத்தரவாதம் ஆகாது. நிறுத்த வேண்டும் என்று டாக்டரே முடிவு செய்தாலும், ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். அந்த நாட்களில் கடின வேலை வேண்டாம் என்றும் சொல்வார்.

வேண்டுமென்றே நிறுத்துகிறவர்கள் கொஞ்சம் பேர். தெரியாமல் நிறுத்துகிறவர்கள் அதிகம், எனக்கு அவர்களைப் பற்றித்தான் கவலை. நாளைக்கு ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மாத்திரையும் போடவில்லை என்பார்கள். சாப்பாடு கூடாது என்றால் இதய மாத்திரையும் கூடாது என்று பொருளில்லை. இதை லேபில் கேட்காமல் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டிரெட்மில் பரிசோதனைக்கு முன் சில சமயம் டாக்டரே நிறுத்தச் சொல்வார், அது அவர் கணக்கு. கண்புரைக்கோ மூட்டுக்கோ ஆபரேஷன் என்றாலும் இதே கதைதான்: நெடுநாள் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் தொடர வேண்டும், ஒரு வாய் தண்ணீரோடு காலையில் போடச் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. 2008-இல் வெளியான ‘பாய்ஸ்’ என்ற பெரிய ஆய்வில், இதற்கு முன் சாப்பிடாதவர்களுக்கு ஆபரேஷன் அன்று புதிதாக அதிக அளவு மெட்டோப்ரோலால் கொடுத்தபோது மாரடைப்பு குறைந்தது, ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடின. புதிதாக ஆரம்பிப்பதற்கும் இருப்பதைத் தொடர்வதற்கும் இந்த மருந்தில் அவ்வளவு தூரம்.

சபரிமலைக்கு மாலை போட்டுக் கிளம்பினால், மகள் வீட்டுக்கு பெங்களூருக்குப் போனால், ஊர்த் திருவிழா என்று பத்து நாள் தங்கினால் மாத்திரை தீர்ந்துபோகும். ‘வந்து பாத்துக்கலாம்’ என்று விடுவார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளில் அலமாரியோடு மாத்திரையும் போயிற்று, திறந்திருந்த மருந்துக் கடைகளும் குறைவு. எப்போதும் ஒரு வாரத்துக்கான மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். பயணத்தில் அதைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் ஏற்றாமல் கைப்பையில் வையுங்கள்.

இனி மருந்துக் கடைச் சமாச்சாரம். பிரஷர் மாத்திரைகளில் நம் நாட்டில் கூட்டு மாத்திரை ஏராளம். ‘அம்லோகைண்ட்’ என்றால் அம்லோடிபின் மட்டும். ‘அம்லோகைண்ட் ஏ.டி.’ என்றால் அம்லோடிபினோடு அட்டெனலாலும் இருக்கிறது. ‘அம்லாங்’ தனி, ‘அம்லாங் ஏ’ கூட்டு. ‘ஸ்டாம்லோ பீட்டா’வும் அப்படித்தான். ‘மெட் எக்ஸ்.எல்.’ என்றால் மெட்டோப்ரோலால், பின்னால் ‘ஏ.எம்.’ சேர்ந்தால் அம்லோடிபினும் உண்டு. பையனிடம் போனில் ‘அம்லோகைண்ட் வாங்கிட்டு வாப்பா’ என்று சொல்லும்போது அந்த ஏ.டி. காற்றில் போய்விடும். பையன் சரியாகத்தான் வாங்கிவருவான், கடைக்காரரும் கேட்டதைத்தான் கொடுப்பார். அப்பா அன்றிலிருந்து பீட்டா பிளாக்கரை நிறுத்திவிட்டார், வீட்டில் யாருக்கும் தெரியாது. இதற்கு எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா ஒரு டாக்டரிடம் கூட்டு மாத்திரையும் இன்னொரு டாக்டரிடம் தனி அட்டெனலாலும் வாங்கி இரண்டையும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருந்தது ஒரே மருந்து. தலை சுற்றுகிறது என்று வந்தவரின் பல்ஸைப் பார்த்தால் நிமிடத்துக்கு 46.

பிராண்டு பெயரை நம்பினால் இன்னும் குழப்பம். ‘பீட்டாகார்ட்’ என்பது அட்டெனலால், ‘பீட்டாலாக்’ மெட்டோப்ரோலால், ‘பீட்டாகேப்’ ப்ரொப்ரனலால். ‘பீட்டாவெர்ட்’ தலைசுற்றல் மாத்திரை. அதற்கும் இந்த வகைக்கும் சம்பந்தமே இல்லை. நாலையும் ஒரே தட்டில் அடுக்கி வைக்கிற கடையில் கை தவறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எனவே அட்டையைத் திருப்பி, பிராண்டுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால், கார்வெடிலால், ப்ரொப்ரனலால், லேபட்டலால் என்று ‘லால்’ போட்டு முடிந்தால் அது பீட்டா பிளாக்கர் குடும்பம் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அட்டையின் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து, வாங்கிவருகிறவருக்கு அனுப்புங்கள். கடையில் ‘அதே மருந்து, வேற கம்பெனி’ என்று கொடுத்தால் தப்பில்லை. மருந்துப் பெயர், மில்லிகிராம், பெயரின் வால் ஆகிய மூன்றும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த வால் ஏன் முக்கியம் என்றால், மெட்டோப்ரோலாலில் டார்ட்ரேட், சக்சினேட் என்று இரண்டு உப்பு உண்டு. டார்ட்ரேட்டைப் பொதுவாக ஒரு நாளில் இரண்டு வேளை போடுவார்கள். எக்ஸ்.எல்., எக்ஸ்.ஆர். என்று வருவது பெரும்பாலும் சக்சினேட், மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்வது, ஒரு வேளை போதும். அதைப் பொடி செய்தாலோ மென்றாலோ நாள் முழுக்க வர வேண்டியது ஒரேயடியாக இறங்கும். விழுங்க முடியாத பாட்டிக்கு மாத்திரையை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த மாத்திரையில் வேண்டாம். நடுவில் கோடு போட்ட மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா என்பதை மருந்தாளுநரிடம் கேட்டுக்கொண்டு உடையுங்கள்.

மாத்திரை என்றே கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. கண் பிரஷருக்கு, அதாவது கிளாகோமாவுக்கு, டிமோலால் சொட்டு மருந்து போடுகிறவர்கள் நம்மில் உண்டு. அதுவும் இதே குடும்பம்தான். கண்ணில் விட்ட சொட்டு மூக்குவழி இறங்கி ரத்தத்தில் கலக்கும், பல்ஸைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரருக்கு வீசிங்கைக் கிளப்பும். இதய டாக்டர் ‘வேற என்ன மருந்து சாப்பிடறீங்க’ என்று கேட்டால் யாரும் கண் சொட்டைச் சொல்வதில்லை, அதைச் சாப்பிடுவதில்லையே! சொல்லுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்திக்கொண்டால் உடம்புக்குள் இறங்குவது குறையும்.

வீசிங் பற்றிச் சொன்னேன். ஆஸ்துமா இருப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், சின்ன வயதில் இருந்து போனதாக இருந்தாலும் சரி. ப்ரொப்ரனலால் போன்ற பழைய வகை நுரையீரலின் காதுகளையும் அடைத்துவிடும். மூச்சு முட்டும்போது அடிக்கிற இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது. பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தையே குறிவைக்கும் என்றாலும் அளவு கூடினால் அந்தக் கட்டுப்பாடு தளரும்.

சுகர் உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை. இன்சுலினோ சில சுகர் மாத்திரைகளோ போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுகர் இறங்கும். அப்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்தப் படபடப்புதான் நமக்கு அலாரம். பீட்டா பிளாக்கர் அந்த அலாரத்தை மௌனமாக்கிவிடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மிஞ்சும். ஆகவே காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலோ, தலை கிறுகிறுத்தாலோ, பேச்சு குழறினாலோ முதலில் சுகரைப் பாருங்கள். பார்க்க வசதியில்லை என்றால் சர்க்கரையை வாயில் போடுங்கள். நம் குழுவில் காலையில் வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டுவிட்டு நடக்க வருகிறவர் யாராவது இருந்தால் என்னை ஒரு நிமிடம் தனியாகப் பாருங்கள்.

நடைக்காரர்களுக்கு இன்னொன்று. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு, 220-இல் வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் பல்ஸ் வர வேண்டும் என்று வேகம் பிடிக்கிறீர்கள். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பல்ஸ் ஏற விடாமல் தடுப்பதுதானே அந்த மருந்தின் வேலை. அதை மீறி ஏற்றப் பார்த்தால் மயங்கித்தான் விழ வேண்டும். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் நடந்தால் போதும். பேச்சுக்கு நம்மிடம் பஞ்சமா என்ன.

வீட்டில் பிரஷர் மிஷின் வைத்திருப்பவர்கள் மேலே இருக்கும் இரண்டு எண்களைக் குறித்து வைப்பார்கள். மூன்றாவதாகக் கீழே ஓர் எண் வருமே, அதுதான் பல்ஸ், அதையும் எழுதுங்கள். மிஷின் இல்லாவிட்டால் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உங்களுக்கு எது வரைக்கும் குறையலாம் என்று டாக்டரிடம் ஒரு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் அது மாறும். பொதுவாக 50-க்குக் கீழே இறங்கினால் அன்றே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி இருந்தால் எண்ணிக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று இரண்டு நாள் படுத்தாலும் போன் செய்து கேளுங்கள். அட்டெனலால் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, உடம்பில் நீர் வற்றினால் அது தேங்கும்.

இந்த மருந்தின் வரலாற்றில் எனக்கு ஓர் ஆசை உண்டு, கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். உடம்பில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள், அதாவது நான் சொன்ன அந்தக் காதுகள், இருக்க வேண்டும் என்று அமெரிக்கரான ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948-இல் எழுதினார். அந்தக் கட்டுரையை முதலில் ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கத்தான் அன்று எல்லோரும் முயன்றார்கள். அது கேட்கிற ஆக்சிஜனைக் குறைத்தால் என்ன என்று இவர் யோசித்தார். முதலில் வந்த ப்ரொனெத்தலால் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் அதை விட்டுவிட்டு, 1960-களின் நடுவில் ப்ரொப்ரனலாலைக் கொண்டுவந்தார்கள். 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப்புண்ணுக்கான சிமெடிடினும் அவர் உழைப்பில் வந்ததுதான்.

அதைவிட வியப்பு அடுத்த கட்டம். இதயம் பலவீனமானவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றுதான் அன்றைய பாடப்புத்தகங்கள் சொல்லின. ஏற்கெனவே தளர்ந்த இதயத்தை இன்னும் தளர்த்துவார்களா? 1975-இல் ஸ்வீடனில் ஃபின் வாக்ஸ்டைனும் சகாக்களும் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நிலைமை தேறியதாக எழுதினார்கள். பல வருடம் யாரும் காதில் வாங்கவில்லை. 1999-இலும் 2001-இலும் பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் சக்சினேட், கார்வெடிலால் மூன்றையும் வைத்துப் பெரிய ஆய்வுகள் வந்தபோது, இதயச் செயலிழப்பில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது தெரிந்தது. கூடாது என்ற மருந்தே கட்டாய மருந்தாயிற்று. நம் குழுவில் இ.எஃப். 40-க்குக் கீழே உள்ளவர்கள் கவனிக்க: ரீபூட் செய்தி உங்களுக்கானது அல்ல. உங்களுக்கு மருந்தை மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவார்கள். ஏற்றும்போது முதல் சில நாள் சோர்வு கூடலாம். தினமும் காலையில் எடை பாருங்கள்; இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ கால் வீங்கினாலோ படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே தெரிவியுங்கள். கார்வெடிலாலைச் சாப்பாட்டோடு போடுங்கள், எழுந்திருக்கும்போது நிதானமாக எழுந்திருங்கள்.

ஆண்கள் கூச்சப்பட்டு என்னிடம் தனியாகக் கேட்கிற ஒன்று இருக்கிறது. இந்த மாத்திரையால் ஆண்மை போய்விடுமா? 2003-இல் இத்தாலியர்கள் 96 ஆண்களுக்கு அட்டெனலால் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே சொல்லாதவர்களில் 3.1 சதவீதம் பேருக்கு அந்தக் குறை வந்தது. மருந்தின் பெயரை மட்டும் சொன்னவர்களில் 15.6. பெயரையும் இந்தப் பக்கவிளைவையும் சேர்த்துச் சொன்னவர்களில் 31.2! இதை இங்கே எழுதியதன் மூலம் உங்களில் சிலருக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனோ என்னவோ. சிலருக்கு உண்மையிலேயே வரும், சோர்வும் கை கால் சில்லிடுவதும் கெட்ட கனவும் அப்படித்தான். சகித்துக்கொண்டு கிடக்கவும் வேண்டாம், ரகசியமாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், அல்லது வேறு மருந்து தருவார்.

பிரஷருக்கு மட்டும் அட்டெனலால் சாப்பிடுகிறவர்களுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 2002-இல் வந்த ‘லைஃப்’ ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒப்பிட்டபோது, லோசார்ட்டான் சாப்பிட்டவர்களுக்கு அட்டெனலால் சாப்பிட்டவர்களைவிடப் பக்கவாதம் நாலில் ஒரு பங்கு குறைவு. 2006-இல் பிரிட்டன் இந்த வகையை முதல்நிலை பிரஷர் மருந்துகளிலிருந்து இறக்கியது. 2022-இல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அட்டெனலால் நீக்கப்பட்டது. 2023-இல் ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் பீட்டா பிளாக்கர்களை முக்கிய மருந்துகளில் ஒன்றாக மறுபடி சேர்த்துக்கொண்டது. விவாதம் முடியவில்லை. நெஞ்சுவலியோ, மாரடைப்போ, துடிப்புக் கோளாறோ எதுவும் இல்லாமல் பல வருடமாக அட்டெனலால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், ‘எனக்கு இது இன்னும் வேணுங்களா?’ என்று அடுத்த முறை கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை. பதில் வரும்வரை மாத்திரையும் நிற்கக் கூடாது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெரபமில், டில்டியாசெம் மாத்திரைகளோடு பீட்டா பிளாக்கர் சேர்ந்தால் இதயம் அளவுக்கு மீறி மந்தமாகலாம். இரண்டு டாக்டரிடம் போகிறவர்கள் இரண்டு சீட்டையும் இரண்டு பேரிடமும் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சிலர் ‘ஆர்காமின்’ என்கிற குளோனிடினும் சாப்பிடுவார்கள். அதுவும் திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்து. இரண்டும் சேர்ந்தால் எதை முதலில் குறைப்பது என்பதற்கே முறை உண்டு. மூக்கடைப்புக்கான சளி மாத்திரையும் மூட்டுவலி மாத்திரையும் பிரஷரை ஏற்றும், கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மருதம்பட்டைக் கஷாயம் குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் மகளோ மருமகளோ அட்டெனலால் சாப்பிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் போகட்டும். குழந்தையின் வளர்ச்சியை அது பாதிக்கலாம், கர்ப்ப காலத்துக்கு லேபட்டலால் போன்றவை இருக்கின்றன. மேடை நடுக்கத்துக்கும் பரீட்சை பயத்துக்கும் நண்பரின் ப்ரொப்ரனலாலை வாங்கிப் போடும் பிள்ளைகளைக் கண்டால் தடுங்கள். அதிகமாகப் போட்டால் உயிருக்கே ஆபத்தான மருந்து அது. பேரக்குழந்தைகள் வரும் வீட்டில் டப்பா மேல் அலமாரியில் இருக்கட்டும்.

நம் குழுவில் மருத்துவச் செய்தியை அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்புங்கள், ஆனால் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: ‘டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.’ வரும் ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்ததும் உங்கள் மாத்திரை அட்டைகளையும் கடைசி எக்கோ ரிப்போர்ட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கண் சொட்டு மருந்தையும் மறக்காதீர்கள். எந்த அட்டையில் ‘லால்’ இருக்கிறது, எதில் இரண்டு மருந்து இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்து, டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர்